தூரிகை பிடித்த கை: தருமா பொம்மையும் புத்தாண்டு நேர்ச்சையும்

புத்தாண்டுப் பிறப்பில் ஓர் இலக்கை வகுத்துக்கொள்வதும், அதை மறவாதிருக்க ஏதேனும் ஒரு பொருளைச் சாட்சியாக வைத்துக்கொள்வதும் பல சமூகங்களில் உள்ள வழக்கமே என்றாலும், அந்தச் சாட்சிக்கு ஒரு முகத்தையும் அந்த முகத்தில் வேண்டுமென்றே ஒரு குறையையும் கொடுத்துவைத்திருப்பது ஜப்பானியரின் தருமா பொம்மை. காகிதத்தால் செய்து சிவப்புப் பூசிய இந்தப் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அடிப்பகுதி கனத்திருப்பதால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போலவே, எந்தப் பக்கம் சாய்த்தாலும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். விற்பனைக்கு வரும்போது அதன் இரு கண்களும் வெறும் வெள்ளை வட்டங்களாக இருக்கும். வாங்கியவர், தேர்வில் தேர்ச்சி, கடையில் நல்ல வியாபாரம், வீட்டில் நோயின்மை என அவ்வாண்டுக்குத் தாம் வேண்டும் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பொம்மையின் இடக்கண்ணில் மையால் கருவிழி எழுதுவார். எண்ணியது கைகூடினால் வலக்கண்ணும் எழுதப்படும். கைகூடாத வரை அது ஒற்றைக் கண்ணோடு மாடத்தில் இருந்தபடி வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வழக்கத்தில் மூன்று வரலாறுகள் பின்னிக் கிடக்கின்றன. பொம்மைக்கு உருவம் தந்த துறவியின் வரலாறு ஒன்று. விழுந்தாலும் எழும் விளையாட்டுப் பொருளின் வரலாறு ஒன்று. உருவத்துக்குக் கண் எழுதி உயிர் கொடுக்கும் சடங்கின் வரலாறு மற்றொன்று. மூன்றும் வந்து கூடிய இடங்களுள் தலையாயது டோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா மாநிலத்தில் உள்ள தகசாகி நகரம். ஜப்பானில் உருவாகும் தருமா பொம்மைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இங்கிருந்தே வருகிறது. இம்மூன்று இழைகளையும் பிரித்துப் பார்க்கும்போது, கண்ணை எழுதும் தூரிகை யார் கையில் இருந்தது, அது எப்போது கை மாறியது என்பதே இவ்வழக்கத்தின் உள்ளடக்கம் என்பது புலப்படும்.

‘தருமா’ என்பது போதிதர்மரின் பெயரில் உள்ள ‘தர்ம’ என்பதன் ஜப்பானிய ஒலிப்பு. தியான பௌத்தத்தைச் சீனாவுக்குக் கொண்டுசென்றவராக மரபு போற்றும் இவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 547-இல் லுவோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதிய யாங் சுவான்-சி, அவரை மேற்றிசையிலிருந்து வந்த பாரசீகர் என்கிறார். ஏறத்தாழ அதே காலத்தவரான தான்-லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து, துறவியரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த தாவோ-சுவான், தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். 1004-இல் தொகுக்கப்பட்ட ‘விளக்கு ஒப்படைப்பு’ நூலில்தான், தென்னிந்தியாவில் ‘சியாங்-சி’ என்னும் நாட்டின் இளவரசர் என்ற குறிப்பு வருகிறது.  இந்தச் ‘சியாங்-சி’யே காஞ்சி என்று கொண்டு, போதிதர்மரைப் பல்லவ இளவரசராகக் கூறும் வழக்கம் பிற்காலத்தில் பரவியது, 2011-இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பிறகு தமிழகத்தில் அது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி போலவே ஆகிவிட்டது. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் தம் பயணக் குறிப்பில் காஞ்சிபுரத்தை முற்றிலும் வேறு எழுத்துகளால் குறிக்கிறார் என்பதை நினைவில் கொண்டால், இந்த ஒப்பீட்டை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. காஞ்சியில் பௌத்தம் செழித்திருந்ததும், நாளந்தாவின் ஆசிரியர் தர்மபாலர் அவ்வூரினர் என்பதும் உறுதியான செய்திகள். போதிதர்மரின் பிறப்பிடம் அவ்வளவு உறுதியானது அன்று.

பொம்மையின் கதைக்கு அவருடைய ஊரைவிட, அவரைப் பற்றி எழுந்த இரண்டு கதைகளே முக்கியமானவை. ஷாவோலின் விகாரையை அடுத்த குகையில் சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் அசையாது அமர்ந்திருந்தார் என்பது முதற்கதை. அந்த இருப்பில் அவருடைய கைகால்கள் தேய்ந்து மறைந்தன என்ற நாட்டார் ஒட்டு, கைகால் இல்லாத பொம்மைக்கு ஒரு காரணத்தைத் தந்தது. இரண்டாவது கதையின்படி, விகாரைகள் பல எழுப்பிய லியாங் பேரரசர் வூ, தமக்கு இதனால் எவ்வளவு புண்ணியம் சேர்ந்தது என்று கேட்டபோது, எதுவும் இல்லை என்று போதிதர்மர் விடை கூறினார். செய்த நற்செயலுக்குப் பலன் கணக்கிட மறுத்தவராக மரபு காட்டும் ஒருவரையே, வேண்டியது கிடைத்தால்தான் மறுகண் என்று பேரம் பேசும் பொம்மையாக மக்கள் மாற்றிக்கொண்டார்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான முரண். இதைப் பக்தர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பசியும் நோயும் வாசலில் நின்ற காலத்தில் அந்தப் பேரம் எழுந்தது என்பதை அறிந்தால் அவ்வாறு சொல்ல மனம் வராது.

விழுந்தாலும் எழும் பொம்மைக்குப் போதிதர்மரோடு முதலில் எந்தத் தொடர்பும் இல்லை. சீனாவில் அதற்கு ‘விழாத கிழவர்’ என்று பெயர். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளை ஒட்டி அது ஜப்பானுக்கு வந்தபோது, ‘எழுந்து நிற்கும் சிறு துறவி’ என்று பொருள்படும் ‘ஒகியாகரி கொபோஷி’ என்ற பெயரைப் பெற்றது. துறவி என்ற சொல் பெயரில் நுழைந்தபின், அந்தத் துறவி போதிதர்மராக ஆவதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. ‘ஏழு முறை விழுந்தால் எட்டாம் முறை எழு’ என்ற பொருளுடைய ஜப்பானியப் பழமொழியும் இப்பொம்மையோடு சேர்ந்துகொண்டது.

அதன் சிவப்பு நிறத்துக்குப் போதிதர்மரின் துவராடையைக் காரணமாகச் சொல்வதுண்டு. அதைவிட அழுத்தமான காரணம் பெரியம்மை. எடோ காலம் எனப்படும் 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், பெரியம்மையை ஒரு தெய்வத்தின் வருகையாகவே ஜப்பானியரும் கருதினர். அம்மை கண்ட வீட்டில் தமிழர் வேப்பிலை செருகியதைப் போல, அவர்கள் நோயுற்ற குழந்தைக்குச் சிவப்பு ஆடை அணிவித்து, சிவப்பு மையால் மட்டுமே அச்சிட்ட படங்களையும் சிவப்புப் பொம்மைகளையும் படுக்கையருகே வைத்தனர். தள்ளினாலும் எழுந்துகொள்ளும் சிவப்புத் தருமா, படுத்த குழந்தை எழ வேண்டும் என்ற வேண்டுதலுக்கு இயல்பாகவே பொருந்தியது. பெரியம்மை பலருடைய பார்வையைப் பறித்த நோய் என்பதும் இங்கே கருதத்தக்கது. கண் சரியாக எழுதப்படாத பொம்மையைத் தாய்மார் வாங்க மறுத்ததால், வியாபாரிகள் கண்களை வெறுமையாக விட்டு, வாங்குவோர் விரும்பியபடி எழுதிக்கொள்ளட்டும் என்று விற்கத் தொடங்கினர் என்பது வெற்றுக் கண்ணுக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. வேண்டுதலின் நுட்பம் என்று இன்று கருதப்படுவது விற்பனையாளரின் தற்காப்பாகத் தொடங்கியிருந்தால் அதில் வியப்பில்லை. பல சடங்குகளுக்குக் கடைத்தெருவே தாய்வீடு.

ஆயினும், வெற்றுக் கண்ணை எழுதுவது ஏன் அத்தனை எடையுள்ள செயலாக உணரப்பட்டது என்பதை வியாபாரம் விளக்காது. அதை விளக்குவது ‘கண் திறத்தல்’ என்னும் சடங்கு. தமிழகத்தில் சிற்பி ஒரு தெய்வ உருவத்தின் மற்ற உறுப்புகளையெல்லாம் முடித்தபின், குறித்த நேரத்தில் கண்ணைத் திறக்கிறார். அதுவரை கல்லாகவோ உலோகமாகவோ இருந்தது அந்தக் கணத்திலிருந்து வணங்கத்தக்க உருவமாகிறது. இலங்கையின் பௌத்த விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் தீட்டும் கைவினைஞர், நேரே பார்க்கத் துணியாமல், கண்ணாடியில் பார்த்தபடி தூரிகையை இயக்கும் மரபு உண்டு. இதே சடங்கு பௌத்தத்தோடு கிழக்கே சென்று ஜப்பானில் ‘கைகென்’, அதாவது கண் திறப்பு, என்று வழங்குகிறது. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவருடைய நினைவுக் கல்வெட்டு அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்றே குறிக்கிறது. அவர் பிடித்த தூரிகையோடு நீண்ட கயிறு பிணைக்கப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு கண் திறக்கும் செயலில் தாமும் பங்கு பெற்றனர். அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் உள்ளன. கண்ணைத் தாமே எழுத வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கயிற்றைவிட நல்ல சான்று தேவையில்லை. அன்று சாதாரண மனிதரின் கைக்கு எட்டியது கயிறு மட்டுமே. தூரிகை துறவியிடமே இருந்தது.

தகசாகியின் கதை வெள்ளத்தில் தொடங்குகிறது. நகரின் புறத்தே ஓடும் உசுயி ஆற்றில் 1680 வாக்கில் வந்த பெருவெள்ளம் மணம் கமழும் மரத்துண்டு ஒன்றை ஒதுக்கிச் சென்றதாகவும், நாடோடித் துறவி ஒருவர் அதில் போதிதர்மரின் உருவத்தைச் செதுக்கியதாகவும் கோயில் மரபு கூறுகிறது. 1697-இல் அவ்விடத்தில் ஷோரின்சான் தருமாஜி என்னும் கோயில் எழுந்தது. ‘ஷோரின்’ என்பது ‘ஷாவோலின்’ என்பதன் ஜப்பானிய ஒலிப்பு. சீனாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்து, ஓவியராகவும் இசைவாணராகவும் விளங்கிய ஷின்எட்சு என்னும் துறவி இக்கோயிலோடு தொடர்புடையவர். அவர் வரைந்த தருமா உருவத்தை அச்சிட்டு, கோயில் புத்தாண்டுதோறும் சுற்று வட்டாரத்து உழவர்களுக்குக் காப்பாக வழங்கிவந்தது. காகிதத்தில் அச்சிட்ட படமாக இருந்த இந்தக் காப்பு, பொம்மையாக மாறுவதற்கு ஒரு மலை வெடிக்க வேண்டியிருந்தது.

1783-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அசாமா எரிமலை வெடித்தது. மலையின் வடசரிவில் இருந்த கன்பாரா என்ற ஊரில் 477 பேர் மாண்டனர். உயரத்தில் இருந்த, கன்னோன் என்னும் போதிசத்துவரின் கோயிலுக்கு ஏறிச் சேர்ந்த 93 பேரே பிழைத்தனர். புதையுண்ட அக்கோயிலின் படிகளில் பதினைந்து மட்டுமே இன்று வெளியே தெரிகின்றன. 1979-இல் நடந்த அகழாய்வில், மண்ணுள் கிடந்த கீழ்ப்படிகளில் இரு பெண்களின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. மூத்தவரை இளையவர் முதுகில் சுமந்துகொண்டு ஏறியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பிழைத்தோருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. அக்காலத்து ஆட்சியாண்டின் பெயரால் தென்மெய்ப் பஞ்சம் எனப்படும் பெரும் பஞ்சம் முந்தைய ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. சாம்பல் படிந்த வயல்களும் தொடர்ந்த குளிரும் அதை மேலும் கொடியதாக்கின. இந்நிலையில், தருமாஜியின் ஒன்பதாம் தலைமைத் துறவி தோகாகு, ஷின்எட்சுவின் ஓவியத்தைப் பின்பற்றி, தியானத்தில் அமர்ந்த போதிதர்மரின் மரவார்ப்பு ஒன்றைச் செய்து, அதன்மேல் காகிதம் ஒட்டிப் பொம்மை செய்யும் முறையை ஊர் உழவர்களுக்குக் கற்பித்தார் என்பது மரபு. விளைச்சல் பொய்த்த ஊருக்கு ஒரு துணைத்தொழில் தேவைப்பட்டது. கோயிலால் தர முடிந்தது ஒரு மரவார்ப்பும் ஒரு நம்பிக்கையும்.

தொழிலாக அதை நிலைநிறுத்தியவர் கோயிலுக்கு அருகில் உள்ள தோயோகா ஊரைச் சேர்ந்த யாமகதா தோமோகோரோ. அறுவடை முடிந்ததிலிருந்து மறு ஆண்டு நாற்று நடும் வரை உள்ள ஓய்வுக் காலத்திலேயே அவர் பொம்மை செய்தார். நிறமிகள் எளிதில் கிடைக்காததால் அவரால் மிகுதியாகச் செய்ய இயலவில்லை. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டதும் இறக்குமதிச் செஞ்சாயம் கைக்கெட்டியது. அதன்பின் தொழில் பரவி, 1909 வாக்கில் 18 வீடுகள் தருமா செய்துகொண்டிருந்தன. அம்மைத் தெய்வத்துக்கு அஞ்சிப் பூசப்பட்ட சிவப்பு, கப்பலில் வந்த சாயத்தால் மலிவானது.

அதே துறைமுகம் வேறொரு வழியாகவும் தருமாவை வளர்த்தது. யோகோஹாமாவிலிருந்து ஏற்றுமதியான முதன்மைப் பண்டம் கச்சாப் பட்டு; குன்மா பட்டின் தாயகம்; 1872-இல் அரசு நிறுவிய தொமியோகா பட்டு ஆலையும் இம்மாநிலத்திலேயே உள்ளது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முன் நான்கு முறை தோல் உரிக்கும். உரிப்பதற்கு முன் உண்ணாமல் அசையாமல் இருப்பதை உறக்கம் என்றும், உரித்தபின் மீண்டும் தழை தின்னத் தொடங்குவதை எழுச்சி என்றும் பட்டு வளர்ப்போர் வழங்குவர். புழு சரியாக எழவில்லை என்றால் அவ்வாண்டின் வருமானம் போயிற்று. விழுந்தாலும் எழும் தருமாவின் ‘ஒகியாகரி’ என்ற பெயரிலேயே இந்த ‘எழுச்சி’ என்ற சொல் இருந்ததால், பட்டு வளர்க்கும் வீடுகளில் அது தங்கிவிட்டது. வசந்தகாலப் புழு நன்றாக வந்தால் ஒரு கண்ணும், இலையுதிர்காலப் புழுவும் நன்றாக வந்தால் மறுகண்ணும் எழுதினர் என்று சொல்லப்படுகிறது. நீளவாட்டாக இருந்த பொம்மை நாளடைவில் பட்டுக்கூட்டைப் போல உருண்டு திரண்டதற்கும் இவ்வீடுகளின் விருப்பமே காரணம் என்பர். இந்நிலத்தைப் பற்றி ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு: அங்கே ஆட்சி செய்பவை இரண்டு, மனைவியரின் சொல்லும் வறண்ட காற்றும். பட்டு வளர்ப்பிலும் நூற்பிலும் பணம் ஈட்டியவர்கள் பெண்கள் என்பதே முன்னதன் பொருள். பின்னதன் பயன் பொம்மை செய்யும் முறையில் தெரியும்.

அம்முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். மரவார்ப்பின்மேல் நனைத்த பழங்காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிட்டு, முதுகைக் கத்தியால் கீறி வார்ப்பை வெளியே எடுப்பர். கீறிய இடத்தை வச்சிரப் பசையால் மூடி, அடியில் களிமண் கட்டியைப் பொருத்துவர். இந்தக் கட்டி சரியான இடத்தில் அமையாவிட்டால் பொம்மை சாய்ந்தே நிற்கும். பின்னர்ச் சிப்பிச் சுண்ணத்தைப் பசையில் குழைத்து வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சிவப்பு, முகத்துக்குத் தோல் நிறம். சிவப்புப் பூசிய பொம்மைகளைக் குச்சிகளில் செருகி வெட்டவெளியில் நட்டுவைத்தால், மலையிலிருந்து இறங்கும் குளிர்காலத்து வறண்ட காற்று அவற்றை விரைந்து உலர்த்தும். மழை குறைந்த தெளிவான குளிர்காலம் இல்லாத ஊரில் இத்தொழில் இவ்வளவு வளர்ந்திருக்காது. இறுதியில் முகம் எழுதப்படும். தகசாகித் தருமாவின் புருவங்கள் இரண்டு நாரைகள். மீசை தாடி ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளின் குறிகள். எழுதுபவரின் கை நடுங்காமல், தயங்காமல் இழுத்தால்தான் புருவத்தில் நாரையின் கழுத்து தெரியும். வயிற்றில் பொன்மையால் ‘நல்வளம் புகுக’ என்பது போன்ற எழுத்துகள். கண் மட்டும் எழுதப்படாது. காகிதக் கூழை உறிஞ்சி வார்க்கும் பொறிகள் இன்று உடலைச் செய்துவிடுகின்றன. முகம் எழுதுவது பெரும்பாலும் கையாலேயே தொடர்கிறது.

வழக்கம் புத்தாண்டோடு இறுகப் பிணைந்தது சந்தையின் வழியாக. தருமாஜியில் ஜனவரி 6-ஆம் நாள் தொடங்கி 7-ஆம் நாள் வரை, ஏழு கீரைகளிட்ட கஞ்சி உண்ணும் நாளை ஒட்டி, இரவு முழுவதும் விழா நடந்து தருமாச் சந்தை கூடுகிறது. புத்தாண்டே இடம் மாறியதையும் இங்கே மறந்துவிடலாகாது: எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி அரசு மேலை நாட்காட்டியை ஏற்றபோது, பழைய கணக்கில் மெய்ஜி ஐந்தாம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 3-ஆம் நாளாக இருந்திருக்க வேண்டிய நாள் 1873 ஜனவரி 1 ஆயிற்று. வசந்தத்தின் வாசலில் இருந்த ஆண்டுப் பிறப்பு கடுங்குளிருக்கு நகர்ந்ததால் பல வழக்கங்கள் பருவத்தோடு பொருந்தாமல் நின்றன. அறுவடைக்குப் பின் செய்து, நடவுக்கு முன் விற்க வேண்டிய பொம்மைக்கு மட்டும் இந்த நகர்வால் இழப்பு ஏதும் நேரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வேண்டுதலின் உள்ளடக்கம் மாறியது. முன்பு ஒரு வீடு வேண்டியது விழாமலிருக்க: அம்மை வராமல், புழு சாகாமல், பஞ்சம் திரும்பாமல். அது குடும்பம் முழுமைக்குமான வேண்டுதல். அதில் ‘இலக்கு’ என்ற சொல்லுக்கு இடமில்லை. பெரியம்மை ஒழிந்து, பட்டும் தளர்ந்தபின், அதே பொம்மை தனிமனிதரின் முயற்சிக்குச் சாட்சியானது. ‘ஆண்டின் திட்டம் ஆண்டின் முதல் நாளில்’ என்ற பழஞ்சொல்லைப் பள்ளிகளும் அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன. மாணவர்கள் புத்தாண்டில் முதன்முதலாகத் தூரிகை எடுத்துத் தம் உறுதிமொழியை எழுதும் வழக்கமும் அதனோடு இயைந்தது. ‘தேர்ச்சி’ என்று எழுதிய தருமா நுழைவுத் தேர்வு எழுதுவோரின் மேசைக்கும், ‘உறுதி வெற்றி’ என்று எழுதியது தேர்தல் அலுவலகங்களுக்கும் சென்றன. வாக்கு எண்ணி முடிந்த இரவில், வென்ற வேட்பாளர் பெரிய தருமாவுக்குத் தடித்த தூரிகையால் மறுகண் எழுதுவது ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டாண்டாகக் காட்டப்பட்ட காட்சி. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது: இரு கண்ணும் உடையதே நிறைவு, கண்ணின்மை குறை என்ற எண்ணத்தை இக்காட்சி வளர்க்கிறது என்று பார்வைக் குறைபாடு உடையோரின் அமைப்புகள் சுட்டிக்காட்டின, அதன்பின் சில வேட்பாளர்கள் இவ்வழக்கத்தைத் தவிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானதே. நோயில் பார்வை இழந்தோர் நிறைந்த காலத்தில் தோன்றிய ஒரு பொம்மையிடம் அக்கேள்வி எழுவதற்கு இவ்வளவு காலம் ஆனதே வியப்பு.

   

தூரிகை எல்லா ஊரிலும் ஒரே கைக்கு வந்துவிடவில்லை. வடக்கே செந்தாய் நகரத்தின் மத்சுகாவா தருமாவுக்கு நீல விளிம்பும், செதுக்கியது போன்ற அலங்காரங்களும், தொடக்கத்திலேயே எழுதப்பட்ட இரு கண்களும் உண்டு. அவ்வூரை நிறுவிய தாதே மசமுனே ஒற்றைக் கண்ணர் என்பதால் அவருக்கு மதிப்பளித்து அவ்வாறு செய்யப்படுகிறது என்பர். அங்கே கண் கைவினைஞரின் கொடை. டோக்கியோவின் மேற்குப் பகுதியில் உள்ள ஜிந்தாய்ஜி கோயிலில் மார்ச் 3, 4 நாள்களில் நடக்கும் தருமாச் சந்தையிலோ, தூரிகை இன்னும் துறவியிடமே இருக்கிறது. வாங்கிய பொம்மையை மக்கள் வரிசையில் நின்று நீட்ட, துறவி இடக்கண்ணில் கருவிழிக்குப் பதிலாக இந்திய எழுத்தாகிய சித்தம் வரிவடிவில் ‘அ’ என்ற எழுத்தை எழுதித் தருகிறார். வேண்டுதல் நிறைவேறித் திரும்பக் கொண்டுவருவோருக்கு வலக்கண்ணில் ‘ஹூம்’ என்ற எழுத்து எழுதப்படுகிறது. அகரம் தொடக்கம், ஹூங்காரம் முடிவு. பல்லவர் கிரந்தத்தைப் போலவே பிராமியின் வழிவந்த ஓர் எழுத்து, ஜப்பானியர் ஒருவரின் வீட்டு வேண்டுதலுக்குக் கண்ணாக இருப்பதைக் காணும் தமிழருக்குச் சற்று நேரம் நின்று பார்க்கத் தோன்றும்.

தகசாகி முறையே நாடெங்கும் பரவியது. வாங்கியவர் தாமே எழுதுகிறார். மந்திரம் தேவையில்லை, நல்ல நேரம் பார்ப்பதும் கட்டாயமில்லை. நாராவில் கயிற்றைப் பற்றியவர்களின் கைக்குத் தூரிகையே வந்துசேர்ந்தது எனலாம். ஆனால் வந்தபோது சடங்கு தலைகீழாயிற்று. போதிசேனர் இரு கண்ணும் திறந்தபின் வேண்டுதல் தொடங்கியது. இங்கே வேண்டுதல் முடியும் வரை தெய்வம் பாதிப் பார்வையோடு காத்திருக்க வேண்டும். காத்திருப்பது பொம்மை மட்டும் அன்று என்பதை, மாதங்கள் கடந்து அந்த வெள்ளை வட்டத்தின் முன் நடமாடியவர்கள் அறிவர்.

ஆண்டு முடிந்ததும் பொம்மை, வாங்கிய கோயிலுக்கே திரும்புகிறது. தருமாஜியில் பழைய தருமாக்கள் குவித்துவைக்கப்பட்டு, ஓதுதலுடன் தீயில் இடப்படுகின்றன; காகிதமும் பசையும் ஆகையால் விரைவில் பற்றிக்கொள்ளும். குவியலில் இரு கண்ணும் உடையவை உண்டு; ஒற்றைக் கண்ணோடு வந்தவையும் உண்டு. வேண்டியது நடக்காவிட்டாலும், ஓராண்டு உயிரோடு கடந்ததே போதும் என்று, ஒப்படைக்கும் முன் மறுகண்ணை எழுதிவிடுவோரும் இருக்கிறார்கள். எழுதியதா எழுதாததா என்று பார்த்துக் கோயில் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஒப்படைத்தவர்கள் சந்தையில் புதிய தருமா ஒன்றை வாங்கிச் செல்கிறார்கள். சென்ற ஆண்டு வாங்கியதைவிட ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டும் என்பது வழக்கம்.